துரைராஜ் கல் வைக்க மறக்கவில்லை

மெக்கானிக் துரைராஜ் மீது நான் காரை ஏற்றிவிட்டேன் என்று இலுப்பூர்க் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அன்று நான் காருக்குள் உட்காரவே இல்லை. நடந்தது வேறு, அதை நானே சொல்கிறேன்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் காலை, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி செல்வி போன் செய்தார். "போயிட்டாருங்க" என்றார். பிறகு போன் தரையில் விழுந்த சத்தம். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

என் கணவர் டாக்டர். அவர் இறந்தபின், புதுக் கார் வாங்கித் தருகிறேன் என்றான் மகன். எனக்கு வேண்டியிருந்தது ஓடித் தேய்ந்த, மலிவான ஒரு கார். பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டிப் பார்க்க. துரைராஜை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் பழைய கார் விற்கும் தரகரிடம் போனேன். அவர் காட்டிய காரின் மீட்டரில் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் என்று காட்டியது. துரைராஜ் குனிந்து பார்த்தார். எழுந்ததும் தரகரின் சட்டையைப் பிடித்தார்.

"பெடல் ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது. தொண்ணூறாயிரமாடா இது? மூணு லட்சத்துக்குக் கொறையாது!"

தரகரின் ஆட்கள் இரண்டு பேர் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். உதடு கிழிந்தது. நான் கைப்பையால் ஒருவன் முகத்தில் அறைந்த பிறகுதான் விட்டார்கள். துரைராஜ் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இதையே எடுங்க டாக்டரம்மா. அடி வாங்கியாச்சு, இனி விட்டுட்டுப் போக முடியாது."

அவர் பட்டறையில் நான்கு மாதம் வேலை நடந்தது. துருப்பிடித்த பின்சக்கர டிரம் அசையவில்லை. சுத்தியல் வழுக்கி விரல் முட்டிகள் பிய்ந்தன. அந்தக் காரின் பரம்பரையையே திட்டினார்.

"கெட்ட வார்த்தை வேண்டாம், துரைராஜ்."

"அப்ப நீங்களே அடிங்க."

சம்மட்டியை என் கையில் திணித்தார். அடித்தேன். கத்திக்கொண்டே அடித்தேன். "இன்னும் நாலு வைங்க! யாரை நெனச்சு அடிக்கிறீங்களோ, எனக்கென்ன!" டிரம் கழன்று என் காலருகில் விழுந்தது. அன்றுமுதல் சம்மட்டி வேலை என்னுடையது. வலது உள்ளங்கை காய்த்துப் போயிற்று. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காய்ப்புதான்.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை, காருக்குப் பூஜை. கான்வென்ட்டில் படித்தும் ராகு காலம் பார்ப்பவள் நான். பத்தரைக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினேன். பட்டறைத் தரை வாசலை நோக்கிச் சரிவு. கைபிரேக் கேபிள் இன்னும் மாட்டவில்லை என்பதால், முன்சக்கரங்களுக்கு முன்னால் துரைராஜ் இரண்டு கருங்கற்களை அண்டக் கொடுத்திருந்தார். மூடிய இரும்புக் கதவுக்கும் காருக்கும் நடுவில் குந்தி, நம்பர் பிளேட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தை ஒட்டி வைக்கச் சொன்னேன். "கல்லு இருக்கேம்மா" என்றார் பூஜைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர். "பூஜைக்கு நிற்கிற வண்டிக்குக் கல் எதற்கு? எடுத்துவிட்டு ஒழுங்காக வையுங்கள்" என்றேன். எடுத்தார்.

நான்கு பழங்களும் நசுங்கின. கார் உருண்டு கதவில் மோதிய சத்தத்துக்குள் துரைராஜின் மார்பெலும்பு முறிந்த சத்தமும் கேட்டது. காரைப் பின்னுக்கு இழுத்தபோது வாயிலிருந்து வந்த ரத்தம் என் புடவை முழுக்க. "டாக்டரம்மா, கல்லு…" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

விசாரணையில், அங்கே நின்ற நீங்கள் ஐந்து பேரும் "அவருதான் கல்லு வைக்க மறந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். என் முகத்துக்காகச் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். முப்பது வருடம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவர், தன் கவனக்குறைவால் செத்தார் என்று செல்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். கல்லை எடுத்தவர் என் சொல்லைக் கேட்டு எடுத்தார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். சொன்னவள் நான் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒருத்தி சொல் போதாது என்கிறார்கள்.

நான் கல்லை எடுக்கச் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? ஐந்து பேரும் தனித்தனியாக எழுதி, கையெழுத்திட்டு, என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.