காணிக்கையை வைத்துவிட்டுப் போன அப்பா

சனிக்கிழமை மாலை என்றால் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாசனை. அப்பா பெயிண்டர். வாரம் முழுவதும் நகக்கண்ணில் ஏறிய சாயத்தைப் பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பைபிளை எடுத்து என் மடியில் வைப்பார். அவருக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், நெல்லித்தோப்பில் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில், மறுநாள் பூசைக்குரிய நற்செய்தியை முன்கூட்டியே படித்துச் சொல்லும் வேலை மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு வந்துவிட்டது. அதில் எனக்கு இருந்த கர்வத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

படித்து முடித்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “இதுல நமக்கு என்னா வேல?” மேஸ்திரியிடம் கேட்பதுபோலவே கேட்பார். விளக்கத்தைச் சாமியார் பார்த்துக்கொள்வார். அப்பாவுக்கு வேண்டியது திங்கட்கிழமை முதல் செய்ய ஒரு வேலை. ஒரு கல் தொலைவு வரச் சொன்னவனோடு இரண்டு கல் போ என்று வந்த வாரம், பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் விடச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மிதித்துக்கொண்டு போய் இறக்கினார். திருப்பி அழைக்க வசதியில்லாதவர்களை விருந்துக்குக் கூப்பிடு என்று கேட்டதை நினைவில் வைத்திருந்து, நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய “புதுநன்மை”ச் சாப்பாட்டுக்குத் தெரு கூட்டும் அக்காக்கள் நால்வரை அழைத்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த வாரம் என்ன வாசகமோ, அதற்குள் இரண்டு பாத்திரத்தையாவது ஒளித்து வைக்க வேண்டும் என்று அம்மா கேலி செய்தார். ஆனால் அந்த நால்வருக்கும் மறுமுறை கறி வைத்தவரும் அம்மாதான்.

அப்படிப்பட்ட அப்பா தன் சொந்த அண்ணனோடு பேசாமல் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், அரியாங்குப்பத்திலிருந்த பெரியப்பா, ஒரு “சொல்தா” வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள என்னை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். “பொட்டப் புள்ளைக்கு” ஐந்தாவது போதும் என்பது பெரியப்பாவின் கட்சி. அப்பா முடியாது என்றார். பேச்சு முற்றி, தெருவே கேட்கும்படி அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது: “பெத்திருந்தா தெரியும் உனக்கு.”

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, கொலை செய்யாதே, கோபம் கொள்ளாதே என்று உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள், அடுத்து வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்று இருந்தது. அப்பா இதைக் கேட்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் தம்பி கூடிவிட்டால் பெரியப்பா கொடுத்த வாக்கும் கூடவே திரும்பி வரும், என் பள்ளிக்கூடம் போய்விடும் என்று பயந்தேன். அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்ததைப் படித்தேன். குரல் தடுமாறவில்லை, அவ்வளவு நன்றாகப் படிக்கக் கற்றிருந்தேன்.

பூசையிலும் அதே வாசகம் வரும் என்று தெரியாமல் இல்லை. அப்பா எப்போதும் கோயிலின் பின்வாசலருகே ஆண்கள் கூட்டத்தில் நிற்பவர், அங்கே எதுவும் சரியாகக் காதில் விழாது என்று நம்பியிருந்தேன். அன்று காணிக்கை ஏந்துவது எங்கள் தெருவின் முறை என்பதை மறந்துபோனேன். அப்பா கையில் வாழைப்பழத் தட்டும் என் கையில் மெழுகுவத்திக் கட்டும் கொடுக்க ஏற்பாடாகி, எங்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாமியார் அந்த வரிகளைப் படித்தபோது அப்பா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

காணிக்கை நேரத்தில் அவர் தட்டைச் சாமியார் கையில் கொடுக்கவில்லை. பீடத்துப் படியில் வைத்தார், கும்பிட்டார், பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார். நான் மெழுகுவத்திகளோடு நின்றேன். “பழம் கனியலன்னு கோவிச்சுக்கினு போறான் போல” என்று பின்னால் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. சாமியார் சிரிக்கவில்லை. தட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சைகை காட்டிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

அப்பா மாலையில்தான் திரும்பினார். அந்த வரிகளை நான்தான் விட்டேன் என்று வாசலிலேயே அழுதேன். தெரியும் என்றார். பிறகு அரியாங்குப்பத்தில் நடந்ததைச் சொன்னார். அண்ணன் முன்னால் நின்று, “நான் சொன்ன வார்த்த தப்புண்ணா, மன்னிச்சுக்க. ஆனா பாப்பா படிக்கும்” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாராம். பெரியம்மாதான் இரண்டு பேருக்கும் சோற்றைப் போட்டு உட்கார வைத்தாராம். கை கழுவும்போது பெரியப்பா கேட்டது ஒன்றுதான், நான் இப்போது எத்தனாவது படிக்கிறேன் என்று.

எனக்கு அடி விழவில்லை. “அடுத்த வாரத்துலேருந்து முழுசாப் படி பாப்பா. செய்யறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்” என்றார் அப்பா. அதற்குப் பிறகு எத்தனையோ மறையுரைகள் கேட்டுவிட்டேன்; வாசகத்தைக் கேட்ட நிமிடத்திலேயே எழுந்து அதைச் செய்யப் போன இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமைகள் இப்போது இல்லை. ஞாயிறு வாசகம் வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவாக வந்துவிடுகிறது. அப்பா செல்போனைக் காதருகே வைத்துத் தானே கேட்டுக்கொள்கிறார், என் குரல் தேவைப்படுவதில்லை. பெரியப்பாவும் காலமாகிவிட்டார். போன மாதம் பெரியம்மாவைக் கண் சோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். கூட வந்திருப்பது யார், என்ன உறவு என்று சீட்டில் எழுதுவதற்காக நர்ஸ் கேட்டார். கொழுந்தனார் மகள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார்.

“எம் பொண்ணு. எம்.ஏ. படிச்சிருக்கு.”