மாதாவுக்கு முகம் கொடுத்தவள்

அந்தமானில், எங்கள் பாம்பூஃப்ளாட் ஊரில், பக்கத்து வீட்டுத் தச்சரைப் போலப் படகு கட்ட ஆளில்லை. மனைவியை அடிப்பதிலும் அப்படித்தான். இரண்டையும் ஊர் ஒரே மூச்சில் சொல்லும்.

திருவிழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த மாதா சொரூபம் கப்பலிலேயே உடைந்துவிட்டது. கோவில் காரியம் பார்த்த உபதேசியார் தச்சரிடம் ஓடினார். அந்தமானின் செம்மரமான படாக்கில் உடலை முடித்த தச்சர், முகத்துக்கு மனைவியை எதிரே உட்கார வைத்தார். வீங்கிய முகத்தைப் பார்த்துச் செதுக்க முடியாதே! அந்த வாரங்களில் அவள் மேல் அடி விழவில்லை.

"பாத்தீரா சார், மாதா வேலையில கை வச்சதும் ஆளே மாறிட்டான்" என்றார் உபதேசியார் என்னிடம்.

அவளுக்கு மட்டும் அடிக்கடி தலைவலி வந்தது. பிறகு காய்ச்சல். உட்கார்ந்தால் தூங்கி விழுந்தாள். திருவிழா நெருங்கவே, உபதேசியார் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏளா, ஜல்தி உக்காந்து குடுத்துரு. கொடியேத்தத்துக்கு மூஞ்சியில்லாத மாதாவையா தூக்கிட்டுப் போறது?"

"வேல முடிஞ்சா திரும்ப அடிப்பாரு."

"மாதா பாத்துக்கிடுவா."

"அவளுக்கே இன்னும் கண்ணு வைக்கல."

உபதேசியார் நடையைக் கட்டினார். கப்பலில் வரும் புத்தகமெல்லாம் படித்துக் கெட்டவன் நான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். "படைப்பு வேறம்மா, படைச்சவன் வேற."

"நீங்க பிரிச்சிக்கிடுங்கண்ணே. ரெண்டுக்கும் என்கிட்ட இந்த ஒரு மூஞ்சிதான இருக்கு."

அன்று ராத்திரி என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன், இந்த வரிக்கு ஒரு மறுப்பு தேடி.

கடைசியில் உட்கார்ந்தாள். கொடியேற்றத்தன்று துணியை விலக்கியதும் கூட்டம் அசையாமல் நின்றது. தாழ்ந்த இமைகள், எதையோ எதிர்பார்த்து இறுகிய வாய். பெங்காலி மளிகைக்காரர்கூடக் கும்பிட்டார். எனக்குச் சம்பந்தமில்லாத சாமி, ஆனாலும் நானும் கை கூப்பினேன். இன்றுவரை அதைவிட நல்ல சிற்பம் நான் பார்த்ததில்லை, அதுதான் தொல்லை.

"என்ன துக்கம் பாரு அந்த முகத்துல! பக்தி இல்லாதவன் கைக்கு இது வருமா?" என்றாள் ஒருத்தி.

அது துக்கமில்லை. சாயங்காலம் தச்சரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்போது அவளுக்கு வரும் முகம். வேலிக்கு இப்பாலிருந்து தினமும் பார்த்தவன் நான். அவரும் பார்த்திருக்கிறார், ஒரு கோடு விடாமல்.

திருவிழா முடிந்த ஞாயிறு, பூசையிலிருந்து திரும்பியவளின் முக்காடு மூக்குவரை இறங்கியிருந்தது.

"என்னம்மா?" என்றேன், தெரியாதவன் போல.

முக்காட்டை விலக்காமலே சொன்னாள்: "இப்பத்தான் மாதாவுக்குக் கண்ணு வச்சாச்சேண்ணே. பாத்துக்கிட்டுதான் இருக்கா."