வாடகை மாமனும் குளிர்பெட்டி மாத்திரையும்

"இது கப்பல்ல வந்ததா, ஃபிளைட்ல வந்ததா?"

போர்ட் பிளேரில் தக்காளி வாங்கும்போது கேட்கிற கேள்வி. போன மாதம் நான் கேட்டது மருந்துக்கடையில். கையில் ஒரு சின்ன டப்பா. உள்ளே நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் உயிரோடு இருப்பதாக அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தில், 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்'. மெயின்லேண்டிலிருந்து நாள் கணக்கில் கண்டெய்னரில் வெந்துகொண்டே வந்திருந்தால், உள்ளே இருப்பது உயிரா, கருவாடா? என் சந்தேகம் நியாயம்தானே?

கடைக்காரர் தாஸ் பாபுவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். "தாதா, ஃபிளைட் கா மால் ஹை. டென்ஷன் மத் லோ" என்றார்.

டென்ஷன் எடுக்காதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு டென்ஷனே ஆரம்பிக்கும்.

என் வயிற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. எழுதுகிற விஷயமா அது? டீ குடித்தால் உப்பும். விசேஷ வீடு என்றால் முறுக்கும். அவசரமாகக் கிளம்புகிற நாளாகப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டும் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். 'இரிட்டபிள் பவல்' என்று பெயர் மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அதோடு எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி ஓட்ட முடியாது என்றாக்கியது என் தங்கை செல்வி.

செல்வி வாழ்க்கைப்பட்டது தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பேயில், பட்டாளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில். கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று ஒவ்வொரு தீவாக நின்று நின்று கப்பல் போய்ச் சேர ரெண்டு மூணு நாளாகும். ஹெலிகாப்டர் சீட்டெல்லாம் நமக்கு லேசில் கிடைக்காது. கப்பலில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸின் டாய்லெட் வாசலில் நிற்கும் க்யூவை நினைத்தாலே என் வயிறு விழித்துக்கொள்ளும். அதனால்தான் அவளுடைய மூத்த மகள் காதுகுத்துக்கு நான் போகவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை யாரோ தூரத்துச் சொந்தத்தின் மடியில் வைத்துக் குத்தினார்கள்.

வயிறு சரியில்லை என்றுதான் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பினால்தானே?

"எங்க வீட்டுக்காரரைப் பிடிக்கலேன்னு நேரா சொல்லிட்டுப் போயேண்ணே. எதுக்கு வயித்து மேல பழி போடுறே?"

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் அவளுக்கும் பங்கு உண்டு.

இப்போது இளையவள் கனிக்குக் காதுகுத்து. ஃபோனில் செல்வி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூத்தவளுக்கு வாடகை மாமனை உக்கார வச்சேன். இவளுக்கும் அப்படித்தான்னா, எனக்கு அண்ணனே இல்லேன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் ஓடினேன். திருநெல்வேலிப் பெண், சின்ன வயசு. சாப்பாட்டோடு சேர்த்துப் போட ஒரு செரிமான என்சைம், காலையில் போட நல்ல பாக்டீரியா அடைத்த அந்தப் புரோபயாடிக் எழுதினார்.

"இது கேக்குமா டாக்டர்?"

"சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலை சார். யாருக்குன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. என்சைமும் அப்படித்தான், பால் ஒத்துக்காதவங்களுக்குக் கொஞ்சம் உதவலாம். ஒரு மாசம் பாருங்க. பலன் இல்லேன்னா நிறுத்திடலாம். பால் டீயைக் குறைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடித்துச் சொல்கிற டாக்டரையே நம்பாதவன் நான். இவரோ தெரியாது என்கிறார்! இன்னொரு பக்கம் செல்ஃபோனைத் திறந்தால், பத்தே நாளில் குடலைப் புதுசாக்குகிறேன் என்று ஒருத்தன் பல்லைக் காட்டுகிறான். தெரியாது என்பவரை நம்புவதா, எல்லாம் தெரியும் என்பவனை நம்புவதா? நான் ரெண்டு பேரையும் நம்பாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினேன்.

வயிறு அடங்கியது.

அதுதான் பெரிய சந்தேகம். அடங்கியது மாத்திரையாலா, பால் டீயை விட்டதாலா? இல்லை, சமயம் பார்த்துப் பழிவாங்கப் பதுங்குகிறதா?

"கேட்டுடுச்சுன்னா சந்தோஷப்படுங்களேன். அதுக்கும் ஒரு விசாரணைக் கமிஷனா?" என்றாள் என் மனைவி கலா. அவளுக்கு ஸ்கூலில் லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் கப்பல் ஏறினேன்.

மாத்திரைகளைச் சின்னத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து, கப்பல் கேன்டீன்காரரிடம் கொடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்கு அடுத்த காலை போனால், ட்யூட்டி மாறி வேறொருவர் நிற்கிறார்.

"வோ பார்சல்? கமோர்ட்டா மே உதார் தியா நா!"

கமோர்ட்டாவில் இறக்கிவிட்டாராம்! அவரைத் திட்டவும் முடியாது. எங்கள் தீவுகளில் தெர்மாகோல் பெட்டியைக் கப்பலில் ஒப்படைத்தால், அது அடுத்த தீவில் யாருக்கோ போகிற பார்சல் என்றுதான் அர்த்தம். மாமியாருக்கு மருந்து, மச்சானுக்கு இறால். தனக்கே தான் பார்சல் கட்டிக்கொண்டு கூடவே வருகிற ஆசாமியை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? கமோர்ட்டாவுக்குப் போன நாலைந்து பெட்டியோடு என் பெட்டியும் இறங்கிவிட்டது.

டாய்லெட் பக்கத்து பங்க்குக்கு மாறிப் படுத்துக்கொண்டு காத்திருந்தேன். கப்பல் ஆடியது. வயிறு ஆடவில்லை! கேம்பல் பேயில் இறங்குகிற வரைக்கும் கப்சிப். அடப்பாவிகளா, அப்படியானால் மருந்தே டூப்பா?

விடிந்தால் காதுகுத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய கனி, கோயில் மண்டபத்தில் என் மடியில் உட்கார்ந்தாள். என்னோடு அதே கப்பலில் வந்த ஆசாரி, கம்பியை எடுத்தார். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு காது குத்தியாயிற்று. கனி வீறிட்டாள்.

அந்த வினாடி கூப்பிட்டது. எது என்று சொல்லவும் வேண்டுமா?

மடியில் பிள்ளை. எதிரே கம்பி. சுற்றிலும் சம்பந்தி வீட்டு ஜனம். பல்லைக் கடித்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் வியர்த்தது.

"செல்வி... முடியல."

அவள் முகம் முதலில் இறுகியது. பிறகு என் நெற்றியில் வழிகிற வியர்வையைப் பார்த்தாள். பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். "ஓடுண்ணே! பின்னால, இடது பக்கம்!"

பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. "நல்ல நேரம் போகுதும்மா. வேற யார் மடியிலயாவது வச்சு முடிச்சிருவோம்" என்றது செல்வியின் மாமியார் குரல். யாரோ ஆமாம் போட்டார்கள். பிறகு என் தங்கை.

"ஒரு காது மாமன் மடியில, ஒரு காது வாடகை மடியிலயா? எங்க அண்ணன் வரும், இருங்க. அதுக்கு வயிறு சரியில்ல. நெசமாவே சரியில்ல."

உள்ளே வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இதில் என்ன வெட்கம்?

நான் வந்தபிறகுதான் அடுத்த காது குத்தினார்கள். நல்ல நேரம் தாண்டியிருக்கும். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அல்லது செல்வி பார்க்கவிடவில்லை.

திரும்பி வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை நின்றதாலா, முந்தின ராத்திரி செல்வி வீட்டில் குடித்த பால் பாயசத்தாலா, பயத்தாலா? "தெரியாது சார்" என்றார், சிரித்துக்கொண்டே. இந்தத் தெரியாதை இப்போது கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருக்கிறேன். கொஞ்சம்தான்.

ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். அந்த மாத்திரை ஒழுங்காக வேலை செய்திருந்தால், என் தங்கை என்னை ஜென்மத்துக்கும் நம்பியிருக்க மாட்டாள்!