அரைஞாண் கயிற்றின் எடை

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் நான் யாரையும் நம்பியதில்லை. அதனால் என் பிரிவில் கோப்புகள் ஒழுங்காக இருந்தன. இந்த ஒரே தகுதியை வைத்து, அறுபதுகளின் கடைசியில், குத்துச்சண்டைச் சங்கம் ஒன்று என்னை எடை அதிகாரியாக அமர்த்திக்கொண்டது. குத்துச்சண்டை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. படிவம் நிரப்பத் தெரியும். "யாரோ குத்திக்கறதுக்கு நீங்க ஏன் விடியக்காலம்பற எடைக்கல்லைத் தூக்கிண்டு போறேள்?" என்று மனைவி கேட்டாள். விடுமுறை நாளில் வீட்டிலிருந்தால் பரண் ஏறச் சொல்வாள் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில், காலை ஏழு மணிக்கு எடை பார்ப்போம். தராசு ஒரு அரிசி மண்டியிலிருந்து இரவல் வரும். மண்டிக்காரரை நம்பாமல், முத்திரை போட்ட எடைக்கல்லை நான் கையோடு கொண்டுபோய் முதலில் தராசைச் சோதிப்பேன். பிறகு ஆட்களை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வியர்வையாக இறங்குகிறவன், எடை ஏறக்கூடாதென்று டம்ளர் டம்ளராக எச்சில் துப்புகிறவன், பின்னாலிருந்து நண்பனின் ஒற்றை விரல் தாங்கப் பிடிக்க நிற்கிறவன், எல்லாரையும் பிடித்திருக்கிறேன். எல்லாத் திருட்டும் எடையைக் குறைப்பதற்காகத்தான். கூட்டுவதற்கு ஒருவன் திருடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டிகள் எடை குறைந்தவர்களிலிருந்து தொடங்கும். மாலை நான்கு மணிக்கு முதல் மணி அடிக்கும்போது மைதானத்தில் நாற்காலி விரித்துக்கொண்டிருப்பார்கள். தலைமை விருந்தினரும் பத்திரிகைக்காரர்களும் கனத்த ஆட்கள் மேடையேறும் நேரத்துக்குத்தான் வருவார்கள். ஆகவே நான் பார்த்த மிகச் சிறந்த குத்துச்சண்டைக்காரன் எப்போதும் நாற்காலி போடுகிறவர்கள், ஒரு வேர்க்கடலைக்காரர், நான் என்ற இந்தச் சபைக்கு முன்னால்தான் சண்டை போட்டான்.

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதிக்காரன். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட இருப்பான். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் புடவை விரித்து மடிக்கும் வேலை. மேடையில் அவன் யாரையும் துரத்தியதில்லை. எதிராளியின் கை வந்து சேரும் இடத்தில் அவன் முகம் சற்று முன்புவரை இருந்திருக்கும். மூன்று குத்து விடுவான். முதலாவதும் மூன்றாவதும் கண்ணில் படும். நடுவில் ஒன்று உண்டு என்பது எதிராளியின் மூக்கைப் பார்த்தால் தெரியும். மறுநாள் பத்திரிகையில் கனத்த ஆட்களுக்கு அரைப் பத்தி. அவனுக்கு, 'மற்ற பிரிவுகளிலும் போட்டிகள் நடைபெற்றன'.

அவன் இருந்த பிரிவு, நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் ஐம்பத்தொன்று வரை. நாற்பத்தெட்டுக்குக் கீழே, நான் சங்கத்தில் சேர்ந்த வருடம்தான் ஒரு புதிய பிரிவு வந்திருந்தது. ஆனால் மாநில அணியில் அதற்கு எங்கள் சங்கம் இடமே ஒதுக்கவில்லை. நாற்பத்தெட்டைத் தாண்டியவன் ஜெயித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். தாண்டாதவன் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மாநில அணியில் இடம் பெறுகிறவர்களுக்கு ஒரு தொழிற்சாலை நிரந்தர வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று வருடங்களாக அந்த இடத்துக்கு அருகில் வந்து, ஒரு வருடம் காய்ச்சல், ஒரு வருடம் நடுவர்களின் கண்பார்வை, ஒரு வருடம் கடையில் விடுப்பு மறுப்பு என்று தவறவிட்டிருந்தான். இருபத்தாறு வயது முடிந்துவிட்டது. "இந்த வருசம் உட்டா அவ்ளோதான் சார். அப்பறம் சாவற வரிக்கும் பொடவதான்" என்று என்னிடமே சொன்னான்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு மனைவியோடு அந்தக் கடைக்குப் போனேன். சிப்பந்திகள் சாப்பிடும் நேரம். வாசலில் நின்று அவன் ஒரு பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். "மத்தியானம் இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "வூட்ல அஞ்சு பேரு சார்" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து எடைப் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று வருடங்களில் அவன் எடை நாற்பத்தெட்டே கால், நாற்பத்தெட்டும் நூறு கிராமும், மறுபடியும் நாற்பத்தெட்டே கால். பன் தின்று வாழும் மனிதனின் உடம்பு இவ்வளவு ஒழுக்கமாக இருக்காது. எனக்குத் தூக்கம் கெட்டது.

தேர்வுப் போட்டியின் காலையில் அவனை உள்ளங்காலிலிருந்து ஆராய்ந்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளாடைகூட இல்லை. இடுப்பில் அரைஞாண் கயிறும், அதில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தாயத்தும் மட்டும் இருந்தன. எங்கள் படிவத்தில் 'உடையோ அணிகலனோ இன்றி எடை பார்க்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே நான் நூற்றுக்கணக்கான கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு தமிழனிடமும் அரைஞாணைக் கழற்று என்று சொன்னதில்லை. பிணத்துக்குத்தானே அதை அறுப்பார்கள்? அம்மணமாக நிற்கிறவன் இடுப்பில் கயிறு இருப்பது அதுவரை என் கண்ணில் பட்டதே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்த் தரப்பு வாத்தியார் முந்திக்கொண்டார். அவருடைய ஆள் மூன்று வருடங்களாக இவனிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தவன்.

"சார், நீ சட்டம் தெரிஞ்ச ஆளு. இவன் இடுப்புல கட்டிக்கினு கீறான் பாரு, அது மந்திரிச்சது. எம் பையன் இவன் எதுர்க்க நின்னாலே கை எய மாட்டேங்குது."

"உம் பையனுக்கு யாரு எதுர்க்கவும் கை எயாது வாத்யாரே" என்றான் இவன். "கை தூக்கக் கத்துக்குடு, மந்திரம் தானா எறங்கிடும்."

"கயட்டச் சொல்லு சார். இல்லாங்காட்டி எய்திக் குடுப்பேன்."

"செத்தாத்தான் சார் இத்த அறுப்பாங்க. எங்கம்மா கட்னது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். வாத்தியார் பேசியது மந்திரத்தைப் பற்றி. நான் எதைப் பற்றி நினைக்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

விதிகள் இரண்டு. எடை பார்க்கும்போது அணிகலன் கூடாது. மேடையில் கடினமான பொருள் எதுவும் உடம்பில் கூடாது. வாத்தியார் கேட்டது மேடைக்கு. நான் பேனாவை எடுத்து எழுதினேன்: 'மோதலுக்கு முன் தாயத்து அகற்றப்பட வேண்டும். அதுவரை ஆட்சேபம் இல்லை. அகற்றிய பொருள் எடை அதிகாரியின் பொறுப்பில் இருக்கும்.' வாத்தியார் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அவனைத் தராசில் ஏற்றினேன். நாற்பத்தெட்டும் நூறு கிராமும். அச்சடித்த வரியின் கீழ் ஒப்பமிட்டேன்.

அவனுக்காகச் செய்தேனா, மூன்று வருடத்துப் பொய்க் கையெழுத்துகளைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேனா என்று பிற்பாடு யோசித்ததுண்டு. என்னையும் நான் முழுக்க நம்பியதில்லை.

மாலை நான்கு மணி. மேடைக்குக் கீழே திரும்பி நின்று, அரைக்கால் சட்டைக்குள் கையை விட்டு, கயிற்றை அறுக்காமலே இடுப்பு வழியாக உருவி எடுத்தான். வருடக்கணக்கில் கட்டிய கயிறு அப்படி வராது. கறுப்பும் மங்கவில்லை. முடிச்சு புதுசு. என் உள்ளங்கையில் வைத்ததும் கை தாழ்ந்தது. முத்திரை வைக்கும் ஈயத்தை அலுவலகத்தில் நான் தினமும் தொட்டவன். அடையாற்றுக் கழிமுகத்தில் வலை போடுகிறவர்கள் கட்டும் ஈயக் குண்டை உருக்கித் தாயத்துக்குள் அடைத்திருக்க வேண்டும்.

"பத்ரம் சார்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினான்.

சட்டைப்பை ஒரு பக்கம் இழுக்க, மூன்று சுற்றையும் பார்த்தேன். அவனுக்கு ஒரு அடிகூட விழுந்ததாக என் நினைவில் இல்லை. முடிந்ததும் வாத்தியார் என்னிடம் வந்தார். "வேற எங்கியோ கட்டிக்கினு கீறான் சார். நல்லாத் தேடிப் பாரு."

கூட்டம் சேரத் தொடங்கியபோது அவன் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். கயிற்றை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"ஊருக்குப் போற முன்ன ஒரு மாசம் கேம்ப்பு சார். காலைல பாலு, முட்ட. மத்தியானம் கறிசோறாம்." சற்று யோசித்தான். "அங்க வேற தராசு இல்ல? நீயே வச்சுக்கோ."

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் போட்டேன். இருநூற்று நாற்பது கிராம். காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டுக்கு நூற்று நாற்பது கிராம் குறைவு. காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்கு முன் நான் எந்தக் காகிதத்தையும் கிழித்தவன் அல்ல.

அகில இந்தியப் போட்டியில் அவன் தங்கம் வாங்கினான். பத்திரிகையில் முதல் சுற்றிலேயே தோற்ற நம் கனத்த ஆளின் படம் வந்தது. தொழிற்சாலை வேலையும் அவனுக்குக் கிடைத்தது. அணி மேலாளரின் அறிக்கை சங்கத்துக்கு வந்தபோது நான் பார்த்தது ஒரே ஒரு கட்டத்தைத்தான். எடை: நாற்பத்தொன்பதரை.

எனக்குச் சந்தேகம். அரைஞாணைக் கழற்றிய பின் எடை பார்த்தார்களா என்று கேட்டு மேலாளருக்குக் கடிதம் போட்டேன். ஒரு வாரத்தில் தபால் அட்டையில் பதில் வந்தது: அவன் இடுப்பில் கயிறே இல்லை.

இருக்காதுதான். கயிறு என் மேசை இழுப்பறையில் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய், இழுப்பறையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.