க்ரேயஸ் என்றால் இறைச்சி

எனக்குக் கிரேக்கம் தெரியாது. பாடப்புத்தக அடிக்குறிப்புகளில் பொறுக்கிய இருபது முப்பது வேர்ச்சொற்கள் தெரியும். அவற்றை வைத்துக்கொண்டு நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருடமாக உயிர்வேதியியல் வகுப்பில் பந்தா காட்டி வருகிறேன். என்சைம் என்றால் ‘புளித்த மாவுக்குள்’ என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் பேனாவை மூடிவிடுவார்கள். பரீட்சையில் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை. ஊரூர் குப்பத்தில் எனக்கு வாடிக்கையாக மீன் தரும் அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீனின் செதிலை எடுத்தபடியே, இடுப்பு முடிச்சிலிருந்து புருஷனின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார்.

“காலு வீங்குதேன்னு லேப்ல டெஸ்ட் எட்த்தோம் டீச்சர். கிரியாட்டினினாம், வட்டம் போட்டுக் குட்த்துக்கிறாங்க. இன்னா அது? பயப்புட்ற மாதிரி கீதா?”

எனக்கு வாய் ஊறியது, மீனுக்காக அல்ல. “க்ரேயஸ்னா கிரேக்கத்துல இறைச்சி. இறைச்சியிலதான் அந்தப் பொருளை மொதல்ல கண்டுபிடிச்சாங்க...” என்று தொடங்கி நின்ற இடத்திலேயே வகுப்பெடுத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இவ்வளவு கவனமான மாணவி எனக்குக் கிடைத்ததே இல்லை. பூரித்துப்போய்ச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வட்டத்துக்குள் இருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் முகம் வாடியிருந்தது.

“நீ சொன்ன மாதிரியே கறி, மீனு எல்லாத்தையும் நிறுத்திட்டேன் டீச்சர். வீக்கம் வத்தல. மூச்சு வாங்கிக்கினு கீறாரு.”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“அதான் உன்கிட்ட காட்டினேனே.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் வகுப்பின் கடைசி பெஞ்சுகூட அந்த எண்ணைக் கண்டு பதறியிருக்கும். மீனை அப்படியே போட்டுவிட்டு, அவரையும் புருஷனையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

டாக்டர் உள்ளே போனதும் அந்த அம்மா, “இன்னா சொன்னாரு?” என்றார்.

“கிட்னி சரியா வேலை செய்யலையாம். ரத்தத்துல கழிவு தேங்கிப்போச்சு. மிஷின் வச்சு சுத்தம் பண்ணப் போறாங்க. காப்பாத்திடலாம்னு சொல்றாரு.”

அவர் தலையாட்டினார். குரலில் கோபமே இல்லை.

“இத்த அன்னிக்கே சொல்லிர்ந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே டீச்சர்.”