கறுப்புப் புள்ளி வைத்த போர்டுகள்

டோர்ச் லைட்டுக்குள் இருக்கும் சின்ன போர்டில் மின்தடை ஒன்று இருக்கும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. பல்புக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மன்னார் ரவுணில் ஒரு கடைக்குப் பின்னாலிருந்த அறையில், நாங்கள் ஆறு பெண்கள் அதை ஈயம் வைத்து ஒட்டி, மீற்றரால் அளந்து பார்ப்போம். இரவில் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் எங்கள் லைட்டைத்தான் கேட்டு வாங்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அளவு சரி என்றால் போர்டின் மூலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். யார் பார்த்தது என்று தெரிய ஆளுக்கொரு நிறம். நாங்கள் கத்தோலிக்கப் பெண்கள் ஐந்து பேரும் நகப்பூச்சால் வைத்தோம். எனக்குச் சிவப்பு. பக்கத்து மேசைத் தாராபுரத்து முஸ்லிம் பிள்ளை மட்டும் கறுப்பு மார்க்கர் பேனையால் வைப்பாள். நகப்பூச்சு விரல் நகத்தில் பட்டுவிட்டால் அதற்குக் கீழே தண்ணீர் போகாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு கூடாது, தொழ முடியாது என்பாள். கறுப்பு என்றால் அவள். அதில் யாருக்கும் குழப்பமில்லை.

ஒரு நாள் அவசரமாக ஓடர் ஒன்று போக வேண்டியிருந்தது. மத்தியானத் தொழுகை, லுஹர் நேரமாகியும் அவளுடைய தட்டில் நிறையப் போர்டுகள் மிச்சம். எழும்பவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை அவளுக்கு.

"நீ போய்த் தொழுதிட்டு வா. உன்ர தட்டையும் நான் பாத்து வைக்கிறன்" என்றேன்.

அவளுடைய மார்க்கரையே எடுத்துக்கொண்டேன். மீற்றர் முனையை ஒவ்வொரு போர்டிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். முதல் பத்துக்குத்தான் பிடித்தேன். மற்றவற்றுக்குப் பற்றரியைத் தொடுத்தேன், எரிந்தது, புள்ளி வைத்தேன். சில மற்றவற்றைவிடப் பளிச்சென்று எரிந்தன. நல்ல போர்டுகள் என்று சந்தோஷப்பட்டேன், மடைச்சி. தடை குறைந்தவற்றை யாரோ மாற்றி ஒட்டியதால் வந்த வெளிச்சம் அது. அப்படி எரிந்தால் பத்து நிமிடத்தில் பல்பு கருகிவிடும்.

அடுத்த கிழமை ஒரு பெட்டி லைட் திரும்பி வந்தது. முதலாளி கழற்றி மேசையில் பரப்பினார். எல்லாம் கறுப்புப் புள்ளி.

"இது உம்மட வேலைதானே?" என்று அவளைக் கேட்டார்.

அவள் எழும்பி நின்று என்னை ஒரு தடவை பார்த்தாள். "என்ர தட்டுத்தான் சேர்" என்றாள். நான் ஒட்டிக்கொண்டிருந்த போர்டின் மேல் இன்னும் குனிந்தேன். தேத்தண்ணி கொஞ்சம் பிந்தினாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். கவனமில்லை என்று ஏற்கெனவே இரண்டு தடவை ஏச்சு வாங்கியிருந்தேன், மூன்றாவது தடவை வீட்டுக்குத்தான். மனுசன் முதுகு பிடித்துக் கடலுக்குப் போகாமல் படுத்திருந்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் அவளுக்கும் ஒரு வீடு இருந்தது. அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள்.

கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல என்று சொல்லும்போதே தெரிந்தது. தாராபுரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். நான் போய்ச்சேர ஏழு மாதம் பிடித்தது.

கதிரை போட்டாள், தேத்தண்ணி தந்தாள், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு நீங்க சொல்லுவீங்க எண்டுதான் அக்கா, நான் உங்கட பேரைச் சொல்லாம நிண்டனான்" என்றாள். பிறகு, "முதலாளியிட்டச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனீங்க?" என்று கேட்டாள்.

நான் சொல்லியிருக்கவில்லை. மன்னிப்பை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அதே மேசைக்கு வேலைக்குப் போகத்தான் வந்திருந்தேன்.