பூனைக்கும் ஒரு விரதம்

எங்கள் வீட்டுப் பூனை சில நாளாகச் சாப்பிடவில்லை என்று போன வாரம் மாத்தளையில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். என்ன கொடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தயிர்ச்சோறு, பால், பருப்பு என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள்... முத்துமாரியம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால், தேர் முடியும்வரை எங்கள் வீட்டில் மீன், மாமிசம் கிடையாது. வருஷா வருஷம் பூனை என்ன செய்யும்? பக்கத்து வீடுகளில் சுற்றிப் பிழைத்துக்கொள்ளும். இந்த வருஷம் என் மனைவி பாக்கியம் அதற்கும் கதவைச் சாத்திவிட்டாள். பூனைக்கும் சேர்த்து விரதம்.

காரணம் இருக்கிறது. எங்கள் மகனைப் பலாபத்வலைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் வரவில்லை. இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் வெட்டுவார் — நானும் வீட்டில் இருக்க வேண்டுமே. அவன் திரும்பி வரத்தான் இந்த விரதம். வாசலுக்குள் மீன் வாடைகூட வராது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள்.

பூனை யாருடையது? அவனுடையதுதான். சின்னி என்று பெயர் வைத்து, டின் மீனும் நெத்தலிக் கருவாடுமாகக் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தான்.

டொக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பூனை மரக்கறி தின்று உயிர் வாழாது. இன்னும் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும். டின் மீனும் வேண்டாம், கருவாடும் வேண்டாம். உப்பில்லாமல் அவித்த மீன் — முள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. இன்றைக்கே.

இன்றைக்கேயா? எந்த அடுப்பில்?

நேராகப் பக்கத்து வீட்டு நூருல் ராத்தாவிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு சாளை மீனை அவித்து, முள் எடுத்துக் கொடுத்தார். "உப்பு ஒரு கல்லும் போடல்ல தம்பி" என்றார். அங்கேயே ஊட்டிவிடலாம் என்று பூனைக் கூடையைத் திறந்தேன். பாழாய்ப் போன பூனை, அந்நிய வீட்டில் வாய் திறக்குமா? அலுமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இழுத்து எடுத்தால் ஈரத்துணி மாதிரித் துவண்டது. மகன் வந்து சின்னி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஒரு கையில் பூனை, மறு கையில் கிண்ணம். எங்கள் வாசல்படிக்கு வெளியே வந்து நின்றேன். உள்ளே பாக்கியம். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டொக்டர் சொன்னதை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். விரதம் முறிந்து அவனுக்கு ஏதும் ஆகிவிட்டால்? சாமி குற்றமாவது மண்ணாவது என்று இதே வாரப் பத்தியில் முன்பு பீற்றிக்கொண்டவன்தான் நான். அன்றைக்குப் படியில் கால் வைக்கப் பயந்து நின்றேன்.

பாக்கியம் வாசலுக்கு வந்து பூனையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள கொண்டு வாங்க" என்றாள் பிறகு. "நேந்துகிட்டது நான்தானே, அது பாவம் என்னா செஞ்சிச்சு? அவன் வந்தா மொதல்ல இதைத்தான் தேடுவான். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவளே மீனைப் பிட்டு மூக்கருகில் வைத்தாள். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பூனைக்கும் தெரியும் போலிருக்கிறது. பாக்கியம் விடவில்லை. மடியில் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தாள். நக்கியது... நிறுத்தியது... பிறகு ஒரு துண்டைத் தின்றது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது தேறி வருகிறது. கருவாட்டைக் கண்ணில் காட்டுவதில்லை. மீன் ராத்தா வீட்டிலிருந்து வருகிறது, ஊட்டுவது பாக்கியம். ஊட்டி முடித்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றுகிறாள்.

நேற்று கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அங்க அவனுக்கு வேளைக்குச் சோறு குடுப்பாங்களா?"

பூனைக்கென்றால் டொக்டரிடம் கேட்கலாம்... இதை யாரிடம் போய்க் கேட்பது?